கொடுத்ததும் வாங்கியதும்

என் எழுத்து மேஜையின் மீது ஒரு வெள்ளை விரிப்பு கிடக்கிறது. நூலால் பின்னியது. குரோஷா வேலை என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதுதான். எட்டு இதழ் கொண்ட சிறு பூக்கள், வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை. ஆக அறுபத்து நான்கு பூக்கள். சுற்றிலும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு அலை அலையாக ஒரு கரை. வலது மூலையில் காப்பிக் கறை ஒன்று இருக்கிறது. நடுவில் பேனா கசிந்த நீலப் புள்ளி. இந்த விரிப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக எண்ணம். எழுதாமல் தள்ளிப் போட்டு வந்ததற்கு என் சோம்பல்தான் காரணம் என்று மனைவி நினைத்துக் கொண்டிருக்கிறாள். உண்மைக் காரணம் வெட்கம்.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர்ச் சாலையில் புறப்பட்டால், ஊர் முடிந்துவிட்டது போலத் தோன்றி முடியாமலே நீண்டு கொண்டு போகிற இடம் ஒன்று வரும். அதுதான் வேங்கிக்கால். 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இந்தப் பக்கம் அமைந்தது. அதன் பின்னால் அலுவலர்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் வீட்டு மனைகளும், டீக்கடைகளும், ஜெராக்ஸ் கடைகளும், மனு எழுதிக் கொடுப்பவர்களும் வந்தார்கள். ஏரி இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போனால் மலை இருக்கிறது. என்னைப் போல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நாங்கள் இங்கே வீடு மாறி வந்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு அக்கா ஒரு செய்தித்தாளில் சுற்றி இந்த விரிப்பைக் கொண்டு வந்து கொடுத்தார்.

"பெருசா ஒண்ணுமில்ல தம்பி. எழுதறவருன்னு சொன்னாங்க. மேஜை மேல போட்டுக்கட்டும்னு கொண்டாந்தேன்" என்றார்.

அக்கா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1982-ல் எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்த முதல் கூட்டத்தில் ஒருவர். முப்பது வருஷத்துக்கு மேல் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று கிராம் கணக்கில் நோட்டுப் போட்டவர். குரோஷா வேலையைச் சிறுமியாக இருக்கும்போது, போளூர்ப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கற்றுக் கொண்டாராம். கணவர் காலமான பிறகு, இரவில் தூக்கம் வராத நேரங்களில் மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்ததாகச் சொன்னார்.

அவர் பின்னுவதைப் பல நாள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பார்க்கிறவனுக்கு அது ஒரு சின்ன அதிசயம். ஒரே ஒரு ஊசி. அதன் முனையில் தூண்டில் முள் போல ஒரு கொக்கி. ஒரே ஓர் இழை நூல். கண்ணிக்குள் கொக்கியை விட்டு நூலைப் பற்றி இழுத்தால் இன்னொரு கண்ணி. அதற்குள் விட்டு இழுத்தால் மற்றொன்று. அப்படியே சங்கிலி நீள்கிறது. சங்கிலியின் இரு முனையும் சேர்ந்து வளையமாகிறது. வளையத்தின் மேல் இதழ் எழும்புகிறது. தறி வேண்டாம், சட்டம் வேண்டாம், விளக்குக் கூட வேண்டாம் என்பார் அக்கா; விரலுக்குக் கண் இருக்கிறதாம். எவ்வளவு பெரிய பின்னலானாலும் ஊசியில் அந்தந்தக் கணத்துக்கு உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அதை நழுவ விட்டு நூல் நுனியைப் பிடித்து இழுத்தால், இரண்டு நாள் வேலை இரண்டு நிமிஷத்தில் அவிழ்ந்து வெறும் நூலாகிவிடும். எங்கோ ஒரு கண்ணி பிசகியதைக் கண்டு, முக்கால்வாசி முடிந்த பூவை அவர் சலிக்காமல் பிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். "யாருக்குத் தெரியப் போவுது அக்கா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சிருச்சே" என்றார்.

இனி என் வெட்கத்துக்கு வருகிறேன்.

விரிப்பு மேஜைக்கு வந்ததிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். புகழ் எனக்குப் பிடிக்கும். நான் செய்யாத பொருளுக்கு வந்த புகழானாலும் பிடிக்கும். ஒரு நண்பர் புதுமனை புகுவிழாவுக்கு அழைக்க வந்தார். விரிப்பை ரொம்பவும் ரசித்தார். "இதைப் போல உங்களுக்கும் ஒன்று பின்னச் சொல்கிறேன்" என்று நான் சொல்லிவிட்டேன். என் பையில் இருக்கிற பணத்தை எடுத்துக் கொடுப்பது போல அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். அக்காவிடம் போய்க் கேட்டேன். சரி என்றார். நூல் உருண்டைகளை மட்டும் கடையில் வாங்கிக் கொடுத்தேன்; செலவை நான் ஏற்றுக் கொண்டு விட்டதாகவே எனக்கு நினைப்பு. பிறகு மனைவியின் ஒன்றுவிட்ட தங்கைக்கு வளைகாப்பு. பிறகு எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் அறுபதாம் கல்யாணம். பிறகு என் புத்தகம் போட்டவர் வீட்டுக் கல்யாணம். ஆக, நாலு விரிப்புகள். நாலு முறையும் அக்கா இல்லை என்று சொல்லவில்லை. மூன்றாம் முறையோ நாலாம் முறையோ நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அதை அப்படியே இங்கே எழுதுவதுதான் எனக்குத் தண்டனை. "வீட்டில் சும்மாதானே அக்கா இருக்கீங்க" என்றேன்.

நாலாவது விரிப்பை வாங்கப் போன அன்று அவர் வலது மணிக்கட்டில் தைலம் தடவித் துணி சுற்றியிருந்தது. கல்யாணத் தேதிக்குள் முடிக்க வேண்டுமென்று இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் ஒரு கவரில் இரண்டாயிரம் ரூபாய் வைத்துக் கொண்டு போய் நீட்டினேன். பணம் கொடுத்தால் அவர் மனம் புண்படுமோ என்ற பயமும், கொடுப்பதால் நான் நல்லவனாகிவிடுவேன் என்ற நம்பிக்கையும் சரிபாதியாக இருந்தன.

அக்கா புண்படவில்லை. கவரைப் பிரித்து எண்ணினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"மொத விரிப்பு நான் குடுத்தது தம்பி. அதுக்கு நீ காசு குடுத்தா நான் வாங்க மாட்டேன். மத்த நாலும் நீ வாங்கினது. அதுக்குக் கணக்குப் போட்டுக் குடு."

பிறகு அவரே கணக்குப் போட்டார். ஒரு பூவுக்கு அரை மணி. அறுபத்து நாலு பூவுக்கு முப்பத்திரண்டு மணி. இணைத்துக் கரை போட எட்டு மணி. ஒரு விரிப்புக்கு நாற்பது மணி; எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலையென்றால் ஐந்து நாள். நாலு விரிப்புக்கு இருபது நாள். "இருபது நாளுக்கு ரெண்டாயிரம்னா ஒரு நாளைக்கு நூறு ரூபா. நீயே சொல்லு தம்பி, நூறு ரூபாய்க்கு உன் வீட்டுத் தென்னை மரத்துல ஏற ஆள் வருவானா?" என்று சிரித்தார். கடைசியில் நாளுக்கு முந்நூறு என்று முடிவாயிற்று. ஆறாயிரம். மீதி நாலாயிரத்தை இரண்டு தவணையில் கொடுத்தேன். எழுத்தாளனின் பொருளாதாரம் அப்படி.

ஒரே கை. ஒரே ஊசி. ஒரே மாதிரிப் பூ. ஐந்து விரிப்புகளையும் அடுக்கி வைத்தால் எது எது என்று அக்காவாலேயே சொல்ல முடியாது. அவற்றில் ஒன்று அன்பளிப்பு, நாலு கூலி வேலை. இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது? நூலில் இல்லை. உழைப்பில் இல்லை. பொருளில் எங்குமே இல்லை. பின் எங்கே? தர்க்க சாஸ்திரம் முறையாகப் படித்தவன் அல்ல நான். ஆனாலும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இந்த ஊரில் இருந்து கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரு கதை நினைவுக்கு வராமல் போகாது. ரமண மகரிஷி மலை மேல் வாழ்ந்த காலத்தில், பற்றில்லாமல் கருமம் செய்வது எப்படி என்று ஓர் அன்பர் அவரிடம் கேட்டார். மகரிஷி பதில் சொல்லவில்லை. மலையில் உலவப் போனவர் வழியில் கிடந்த முள் கிளை ஒன்றை எடுத்தார். உட்கார்ந்து முட்களைச் சீவினார். கணுக்களைச் செதுக்கினார். சொரசொரப்பான இலையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். அதற்குப் பல மணி நேரம் பிடித்தது. கைக்கு அடக்கமான அழகிய கோல் ஒன்று உருவாயிற்று. அந்த வேளையில் அந்தப் பக்கம் ஓர் இடைச் சிறுவன் வந்தான். தன் கோலைத் தொலைத்துவிட்டு முகம் வாடி நின்றான். மகரிஷி கோலை அவனிடம் கொடுத்துவிட்டுத் தம் வழியே போனார். கேள்வி கேட்டவருக்கு விடை கிடைத்துவிட்டது. கிழிந்த கோவணத்தைத் தைக்க ஊசி கேட்காமல், முள்ளையே ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே இழை உருவி அவர் தைத்துக் கொண்டதாக இன்னொரு செய்தியும் உண்டு. கை வேலையை அவர் ஒரு நாளும் இழிவாக எண்ணவில்லை. இலை தைத்தார், காய் நறுக்கினார், நோட்டுப் புத்தகம் பைண்டு செய்தார்.

கோல் கதையை எல்லாரும் கொடுத்தவரின் பக்கமிருந்தே சொல்கிறோம். நான் வேறொரு பக்கமிருந்து யோசித்துப் பார்த்தேன். மறுநாள் காலை நான் மலையேறிப் போய், "சுவாமி, கோல் ரொம்ப நேர்த்தியாக இருந்தது. என் சிநேகிதர்கள் நாலு பேருக்கும் ஆளுக்கொன்று வேண்டும். தாங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்!" என்று கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? எழுதும்போதே கூசுகிறது. அவரிடம் கேட்கக் கூசுகிற ஒன்றை, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்க எனக்குக் கூசவில்லை. பற்றில்லாமல் செய்வது செய்கிறவரின் தர்மம். அதைக் காட்டி, "நீ பலனை எதிர்பார்க்காதே" என்று மற்றவருக்கு உபதேசம் செய்து பலனை நான் எடுத்துக் கொண்டால், அதற்குப் பெயர் வேறு.

இந்த "சும்மா இருக்கிற நேரம்" என்ற சொல் நான் கண்டு பிடித்ததல்ல என்று பிற்பாடு தெரிந்தது. ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் நர்சாபூர் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் அங்கே இந்தக் குரோஷா வேலையைப் பரப்பினார்கள். அது சுற்று வட்டாரம் முழுவதும் பரவி, பல்லாயிரக்கணக்கான பெண்களின் வேலையாகி, கடல் கடந்து ஏற்றுமதியும் ஆயிற்று. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் அங்கே போய்ப் பார்த்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இணைப்பாள், முழு விரிப்பை யாரும் பார்ப்பதில்லை. வீட்டு வேலை போக நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊசி பிடிக்கிறார்கள். வயலில் வேலை செய்கிற பெண்ணுக்குக் கிடைப்பதிலும் குறைவான கூலி. கேட்டால், "இவர்கள் வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்" என்று வியாபாரிகள் சொன்னார்கள். இதில் துயரமான விஷயம், அந்தப் பெண்களில் பலரும் அதையே சொன்னதுதான். வயலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற கௌரவத்துக்கு அவர்கள் கொடுத்த விலை, தங்கள் உழைப்புக்கு உழைப்பு என்ற பெயரே இல்லாமல் போனது.

இன்னொரு செய்தியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டைக்கும் புடவைக்கும் இயந்திரம் உண்டு. ஸ்வெட்டர் பின்னவும் இயந்திரம் உண்டு. கையால் பின்னும் குரோஷாவை அப்படியே பின்னித் தருகிற இயந்திரத்தை ஆலைகள் இன்னும் காணவில்லை. அதைப் போலத் தோற்றமளிக்கிற வலைத்துணியை இயந்திரம் நெய்யும், அவ்வளவுதான். ஆகவே, உண்மையான குரோஷாப் பின்னல் ஒன்றை உலகத்தின் எந்தக் கடையில், எவ்வளவு மலிவாகப் பார்த்தாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் விரலால் இழுத்திருக்கிறார் என்று நிச்சயமாகச் சொல்லலாம். விலை மலிவாக இருந்தால் மலிவானது எது என்று நீங்களே யூகித்துக் கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு, பணம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது, அன்போடு கொடுத்து வாங்கிக் கொண்டிருந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு போனதே தப்பு என்று யாராவது சொல்லக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவன்தான். நாகர்கோவில் கதை அந்த எண்ணத்தைக் கலைத்தது. 1820-களில், லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் என்ற அம்மையார் நாகர்கோவிலில் தாம் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அது குரோஷா அல்ல. தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போயிற்று. அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருப்பது 1855 வரை சட்டப்படி செல்லுபடியாயிற்று. அந்தப் பள்ளியில் படித்த அடிமைக் குடும்பத்துப் பெண்களில், லேஸ் பின்னிச் சம்பாதித்த பணத்தைக் கட்டித் தங்களை மீட்டுக் கொண்டவர்கள் உண்டு.

அந்தப் பெண்ணிடம் போய், "கை வேலைக்குக் காசு வாங்கலாமா, அதன் புனிதம் கெட்டுவிடாதா?" என்று யாராலாவது கேட்க முடியுமா? அவள் கையில் விழுந்த ஒவ்வொரு சக்கரமும் அவள் காலில் இருந்த விலங்கின் ஒரு கண்ணியைக் கழற்றியிருக்கும். அயர்லாந்திலும் இப்படி நடந்தது. 1845-ல் தொடங்கி உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, கார்க், குளோன்ஸ் போன்ற இடங்களில் கன்னிமாடத்துச் சகோதரிகளும் மற்றவர்களும் குரோஷா சொல்லிக் கொடுத்தார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கொக்கி ஊசிதான் சோறு போட்டது. பணம் அழுக்கு என்று சொல்லும் சௌகரியம், பெரும்பாலும் பணம் உள்ளவனுக்குத்தான் வாய்க்கிறது.

ஆக, நர்சாபூரிலும் பணம் இருந்தது, நாகர்கோவிலிலும் பணம் இருந்தது. ஓரிடத்தில் அது கட்டியது, ஓரிடத்தில் அவிழ்த்தது. பணம் கைமாறியதா இல்லையா என்பதை வைத்து அன்பளிப்பையும் சுரண்டலையும் பிரித்துவிட முடியாது என்று இதிலிருந்து தெரிகிறது. வேறு ஏதோ அடையாளம் இருக்க வேண்டும்.

அந்த அடையாளத்தை எனக்குக் காட்டியவள் அடுத்த தெருவில் இருக்கிற ஒரு பெண். கணவன் தையல்காரன். அவள் குழந்தைகளுக்கான கால் உறை, சாவிக் கொத்துக்குத் தொங்கவிடும் பூ, சின்னக் காசுப் பை ஆகியவற்றைப் பின்னி, வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து போகிற ஒரு கடைக்குக் கொடுத்து வந்தாள். கால் உறை ஒரு ஜோடிக்கு அவளுக்குக் கிடைத்தது நாற்பது ரூபாய். அந்தக் கடையில் அதே ஜோடியை நான் பார்த்தேன். முந்நூற்றைம்பது என்று விலைச் சீட்டு. சீட்டின் மறு பக்கத்தில் அழகான எழுத்தில் அச்சிட்டிருந்தது: "அன்போடு கையால் பின்னியது."

அந்தச் சீட்டை வெகு நேரம் கையில் வைத்துக் கொண்டு நின்றேன். "கையால் பின்னியது" என்பது உண்மை. "அன்போடு" என்று எழுதியது யார்? அவள் எழுதவில்லை, அவளுக்கு அந்தச் சீட்டைப் பற்றியே தெரியாது. பின்னும்போது அவள் மனசில் குழந்தையின் பள்ளிக் கட்டணம் இருந்திருக்கலாம், வீட்டு வாடகை இருந்திருக்கலாம், அன்பும் இருந்திருக்கலாம். அது அவள் சொல்ல வேண்டிய சொல். அவளைக் கேட்காமல் அவள் அன்பை இன்னொருவர் அச்சடித்து விற்கிறார். கடைக்காரரைக் குறை சொல்லி முடித்துவிடலாமென்றால், என் குரலே எனக்குக் கேட்டது. நண்பரிடம் நான் என்ன சொன்னேன்? "அக்காவுக்கு என் மேல் ரொம்பப் பிரியம், நான் கேட்டால் பின்னித் தருவார்." கடைக்காரர் சீட்டில் அச்சடித்தார். நான் வாயால் சொன்னேன். அவராவது நாற்பது ரூபாய் கொடுத்தார்.

எனக்குத் தோன்றுகிற முடிவு இதுதான். "அன்பினால் செய்தேன்" என்று சொல்கிற உரிமை செய்தவருக்கு மட்டுமே உண்டு. "அன்பினால்தானே செய்கிறாய்" என்று பெற்றுக் கொள்கிறவன் சொன்ன கணத்தில் அன்பளிப்பு முறிந்து போகிறது. அதற்குப் பின் அது ஒரு கோரிக்கை, அல்லது கட்டளை. "பொழுதுபோக்கு", "ஓய்வு நேரம்" என்ற சொற்களும் அப்படியே. அக்கா தம் வேலையைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் அது அடக்கம். அதையே நான் சொன்னால் திருட்டு.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. மறுக்க முடிகிறவர்தான் கொடுக்க முடியும். முதல் விரிப்பை அக்கா கொண்டு வராமலே இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் அது கொடை. பின்னால் வந்த நாலையும் அவரால் மறுத்திருக்க முடியுமா? தனியாக இருக்கிற பெண். இரவில் மாத்திரை வாங்க வேண்டுமானாலும், வங்கிக்குப் போக வேண்டுமானாலும் அடுத்த வீட்டுக்காரனான என்னைத்தான் கூப்பிட வேண்டும். என் முகம் கோணாமல் இருப்பது அவருக்குத் தேவை. அந்தத் தேவையின் மேல் உட்கார்ந்து கொண்டு நான் நாலு முறை கேட்டேன். அவர் சிரித்த முகத்தைச் சம்மதம் என்று எடுத்துக் கொண்டேன்.

இந்தக் கட்டுரையை இங்கே முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எழுதி வைத்ததை மனைவி படித்துவிட்டாள். "எல்லாம் சரி. இந்த விரிப்பு மேல ஒரு கறை இருக்கே, அந்தக் காப்பியை யார் போட்டது? அதுக்கு மணிக்கணக்கு உண்டா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் கேள்வி கேலி அல்ல என்பது இருவருக்கும் தெரியும். வீட்டுக்குள் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்தால் வீடு கடையாகிவிடும் என்று பதில் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல உரிமை யாருக்கு? நான் மேலே எழுதிய நியாயப்படி, காப்பி போடுகிறவளுக்குத்தான், குடிக்கிறவனுக்கு இல்லை. என்னுடைய நியாயம் என் சமையலறை வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே கூப்பிடவும் தைரியம் இல்லை, போ என்று சொல்லவும் யோக்கியதை இல்லை. இப்போதைக்குக் காலைக் காப்பியை நான் போடுகிறேன். அது தீர்வு ஆகாது என்பது அந்தக் காப்பியைக் குடித்துப் பார்த்தாலே தெரியும்.

பெற்றுக் கொள்கிறவனுக்கு ஒரு கடமையாவது உண்டா என்றால், உண்டு என்றே நினைக்கிறேன். காப்பி சிந்தியபோது பதறிப் போய், விரிப்பைத் துவைத்து மடித்துப் பீரோவில் வைத்துவிடலாமென்று யோசித்தேன். அக்காவே வந்து பார்த்துவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். "பெட்டியில வெக்கிறதுக்கா பின்னேன்? கறை இருந்தாத்தான் நீ மேஜையில உக்காந்து எழுதறேன்னு அர்த்தம்" என்றார். நம் வீடுகளில் எத்தனை பீரோக்களில், பாச்சை உருண்டை வாசத்தோடு, எத்தனை பேருடைய இரவுகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன! அத்தையின் குழந்தைத் தொப்பி, பாட்டியின் சுருக்குப் பை, யாரோ ஒரு சிநேகிதி மணி கோத்துப் பின்னிக் கொடுத்த தம்ளர் மூடி. கொடுத்தவர் கண் முன்னால் பயன்படுத்துவதும், தேய்வதும், கிழிவதும் அந்தப் பொருளுக்குச் செய்கிற மரியாதை. கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் கொப்பரையில் நெய்யை ஊற்றி, காடாத் துணியைத் திரியாக்கி எரிக்கிறார்கள். நெசவாளன் கையில் துணியானது நெருப்பாகி வானத்தில் நிற்கிறது. எரிந்து போயிற்றே என்று யாரும் அழுவதில்லை, எரிவதற்காகவே கொடுத்தது.

ஆறாயிரம் ரூபாய்க் கணக்கு தீர்ந்த பிறகு, அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சங்கடம் வந்துவிடும் என்று பயந்திருந்தேன். வரவில்லை. கணக்கு தீர்ந்ததால்தான் வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை, பனி விலகாத நேரத்தில், வாசலில் வந்து நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். என் மகளுக்கு ஒரு கம்பளித் தொப்பி, நீல நிறம், உச்சியில் ஒரு குஞ்சம். "குளிருதுன்னு புள்ள காதைப் பொத்திக்கிட்டுப் பள்ளிக்கூட வண்டிக்கு நிக்குது. பார்த்தேன். பின்னினேன்" என்றார்.

வாங்கிக் கொண்டேன். அவர் போன பிறகு தொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். அடியிலிருந்து உச்சி வரை இருபத்தாறு சுற்றுகள். குஞ்சத்துக்குத் தனி வேலை. ஏழெட்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். ஒரு முழு நாள். அதற்கு நான் பணம் கொடுக்கவில்லை. கொடுக்க நினைக்கவும் இல்லை. ஆனாலும் எண்ணிப் பார்த்தேன். முன்பு எண்ணாமல் வாங்கினேன். அதுதான் என் தப்பு. கொடுத்ததற்கு விலை தரக் கூடாது. விலை தெரியாமலும் இருக்கக் கூடாது.

தொப்பியைப் போட்டுக் கொண்டு மகள் தெருவுக்கு ஓடினாள். சாயங்காலத்துக்குள் குஞ்சத்தில் சேறு.